சாய்வு சைக்கிளில் டபுள்ஸ்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் பயமாக இருந்தது, வயது ஏறியதும் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் ரகமும் இல்லை. (கல்யாணத்துக்கு அப்புறம் பயப்பட வேண்டிய ஆள் ஒன்று கூடியது, அவ்வளவுதான்.) பல்லிக்குப் பயம், தந்திக்குப் பயம், ஆழமான கிணற்றுக்குப் பயம், மூடி போட்ட கிணற்றுக்கு அதைவிடப் பயம். இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்துத்தான் கொல்லிமலைக்கு வாத்தியாராகப் போ என்று ஆர்டர் கொடுத்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் வேலை.

முதல் தடவை பஸ்ஸில் போனபோது ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை இறுக மூடி மூடித் திறந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் இருபதாவது வளைவு வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல தூசி உழுந்துருச்சுங்களா சார்?" என்று துண்டின் நுனியைச் சுருட்டி ஊதிவிட வந்தார். ஆமாம் என்று சொல்லி ஊதச் சொன்னேன். பயம் என்று சொல்வதற்கு அது மேல்.

பள்ளிக்கூடம் குண்டனி நாட்டுப் பக்கம். (மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர்.) எங்களுக்கு வீடு கிடைத்தது சோளக்காடு என்கிற ஊரில். "எங்களுக்கு" என்பது நானும் என் மனைவி மல்லிகாவும். மல்லிகாவுக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர். தினமும் சைக்கிள். மலைமேல் அந்தச் சாலையில் அப்போது தாரைவிடக் குழி அதிகம். மூன்று வருஷம் ஓட்டியதில், முதுகெலும்பு முடிகிற இடத்தில், நாகரிகமாகச் சொன்னால் உட்காருகிற எலும்பில், ஒரு வலி வந்து குடியேறியது. உட்கார்ந்தால் வலி. எழுந்தால் அதைவிட வலி. வகுப்பில் நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். "நாற்காலியையே தொடாத ஆசிரியர்" என்று தலைமையாசிரியர் ஆண்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, உட்காரச் சொன்னார். அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "சைக்கிள் சீட்டுதான் காரணம். ஒண்ணு சைக்கிளை விடுங்க, இல்லாட்டி சீட்டை விடுங்க" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்ன ரெண்டாவது யோசனையைத்தான் என் மைத்துனன் தண்டபாணி பிடித்துக்கொண்டான்.

தண்டபாணி, மல்லிகாவின் தம்பி. நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவன். அந்த வருஷம் பட்டறையில் வேலை குறைந்து ஆட்களை நிறுத்தியபோது இவனையும் நிறுத்திவிட்டார்கள். பேளுக்குறிச்சியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஜன்னலுக்குக் கம்பி, கேட்டு என்று வந்த வேலையைச் செய்துகொண்டிருந்தான். வந்த வேலை ரொம்பக் கொஞ்சம். அதனால் யோசிக்க நேரம் நிறைய. எங்கேயோ ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில், ஒரு வெள்ளைக்காரர் சாய்வு நாற்காலியில் படுத்த வாக்கில் சைக்கிள் ஓட்டுகிற படத்தைப் பார்த்திருக்கிறான். பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நேராக மலையேறி வந்துவிட்டான்.

"மாமா, இதப் பாருங்க. இதுல சீட்டே கெடையாதுங்க. மெத்தைதான். உங்க எலும்பு ரோட்டப் பாக்கவே பாக்காது."

அந்தப் படத்தைப் பார்த்ததுமே நான் பக்கத்தை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினேன். ஆனால் எலும்பு ஆசைப்பட்டது. இத்தனை நாள் வலி ஒரு மனிதனை எதற்கும் தயாராக்கிவிடும்.

ஒரு மாதத்தில் வண்டி தயார். ஜன்னல் வேலைக்கு வாங்கிய சதுரக் குழாயில் நீளமாக ஒரு சட்டம். பின்னால் பெரிய சக்கரம், முன்னால் குழந்தைகள் சைக்கிளின் சின்னச் சக்கரம். பெடல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், முன்சக்கரத்துக்கும் முன்னால் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. செயின் மட்டும் மூன்று சைக்கிளின் செயின்களை ஒட்டியது. நடுவில் லாரி டிரைவர் சீட்டின் பஞ்சு வைத்து, நீல ரெக்சின் தைத்த, சாய்ந்த மெத்தை. தரையிலிருந்து ரெண்டடி உயரம். அதில் படுத்துக் காலை நீட்டிப் பெடலை மிதிக்க வேண்டும். பின்னால் ஒரு தகரத்தில் லாரிக்கு எழுதுகிற அதே எழுத்தில் "ஒலி எழுப்பவும்" என்று வேறு எழுதியிருந்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதில் சாய்ந்த முதல் நிமிஷம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வலி இல்லை. எத்தனையோ நாள் கழித்து, நான் உட்கார்ந்திருக்கிறேன், வலி இல்லை! இடுப்புக்குக் கீழே சொர்க்கம். மற்ற உடம்பெல்லாம் பயத்தில் நடுங்கியது என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் அதில் படுத்தால் உலகமே வேறாக இருந்தது. நாய்கள் என் காலைத் துரத்துவதை விட்டுவிட்டு, முகத்துக்கு நேராக வந்து குரைத்தன. எதிரே வரும் மாட்டின் வயிறு எனக்குக் கூரை மாதிரித் தெரிந்தது. ஜீப்காரர்களுக்கு நான் இருப்பதே தெரியாமல் போய்விடக் கூடாது என்று தண்டபாணி ஒரு மூங்கில் குச்சி நட்டு அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டான். கம்பி ஏற்றின லாரிக்குப் பின்னால் கட்டுவார்களே, அது. முதல் நாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போன வழியில், மிளகுக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு விவசாயி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"வாத்தியாரே, உடம்புக்கு என்னங்க? இப்படியேவா ஆஸ்பத்திரிக்குப் போறீங்க?"

"இல்லீங்க, பள்ளிக்கூடத்துக்குத்தான்."

"படுத்துக்கிட்டே வேலைக்குப் போறதுன்னா குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்றார் அவர், உண்மையான பொறாமையோடு.

ஒரு மாதம் மலைமேல் சமதளத்தில் ஓட்டி ஓரளவு பழகினேன். விழுந்தது ஒன்பது தடவைதான். வலி பாதியாகக் குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் தண்டபாணிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அடிவாரத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்தும் ஒரு முதலாளிக்கு எனக்கு இருக்கும் அதே வலி. தண்டபாணி வண்டியைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஆசை வந்து, "கொண்டாந்து காட்டு. மலையில இருந்து பத்திரமா எறங்கி வந்துருச்சுன்னா எனக்கு ஒண்ணு, என் தம்பிக்கு ஒண்ணு" என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மலை ஏறுகிற இடத்தில், காரவள்ளியில், காரில் வந்து காத்திருப்பதாக ஏற்பாடு.

"மாமா, இது ஒண்ணு ஓடுச்சுன்னா எம் பொழப்பு ஓடிருமுங்க" என்றான் தண்டபாணி. இருபத்து நாலு வயசுப் பையன். கண்ணில் வெல்டிங் பொறி பட்ட சிவப்பு. முடியாது என்று எப்படிச் சொல்ல?

சனிக்கிழமையே மல்லிகா ஊருக்குக் கிளம்பினாள். பஸ்ஸின் மேல் வண்டியையும் ஏற்றி நானும் கூடவே போய்விடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு கள்ளத்தனம் எனக்கு. கண்டக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல எது முன்னால எது பின்னாலன்னே தெரியலீங்க வாத்தியாரே. மேல பலாப்பழ லோடு வேற இருக்குது. இது ஏறாதுங்க."

மல்லிகா ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "ஏனுங்க, பேசாம எங்கூட வந்துருங்க. வண்டி கெடந்துட்டுப் போகுது. உங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்குது."

"பயமா? எனக்கா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே ஓர் அறை விடலாம் போல இருக்கிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். மாமியார் வீட்டுக்கு மலைவாழை ரெண்டு சீப்பு. அந்த வண்டியில் கேரியர் கிடையாது. கேரியர் இருக்க வேண்டிய இடத்தில்தான் நான் இருந்தேன். அதனால் பழப் பையை என் வயிற்றின் மேல் வைத்து, விழுந்துவிடுமோ என்ற பயத்தில் துண்டால் மெத்தையோடு சேர்த்து ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டேன். ஒரு முடிச்சு போட்டிருந்தால் என் சரித்திரமே வேறு.

மேலிருந்து இறங்கும்போது வளைவுகளின் எண் எழுபதில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். எழுபது என்ற பலகையைப் பார்த்ததுமே பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சாதாரண சைக்கிளில் இறங்கினால் பயம் வந்தால் காலை ஊன்றலாம், குதிக்கலாம், தள்ளிக்கொண்டு போகலாம். இதில் கால் ரெண்டும் எங்கேயோ முன்னால் பெடலில் மாட்டிக் கிடக்கிறது. அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு வளைவிலும் முதலில் போவது கால்தான். உடம்பு ரோட்டில் இருக்கும்போதே, பாதம் ரெண்டும் கைப்பிடிச் சுவரையும் தாண்டிப் பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். என் ரெண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே, அடியாழத்தில், காரவள்ளி பக்கத்து வயல்கள் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்தன. அந்தக் காட்சியைப் படம் எடுத்துக் காலண்டர் போடலாம். நான் கண்ணை மூடினேன். மூடினால் வண்டி எங்கே போகிறது என்று தெரியவில்லை. திறந்தேன். திறந்தால் எங்கே போகிறது என்று தெரிந்தது. மறுபடி மூடினேன்.

பிரேக்கை விடாமல் பிடித்ததில் ரப்பர் கட்டை காய்ந்து கருகிய வாசனை வந்தது. அதனால் ரெண்டு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி, கைப்பிடிச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிவிட்டு இறங்கினேன். மணி எட்டரை ஆனது. நாற்பத்தாறாவது வளைவில் அப்படித்தான் நிறுத்தினேன். சுவரின் மேல் இடது கை. கண் மூடியிருந்தது.

கையின் மேல் எதுவோ மெத்தென்று பட்டது.

திறந்து பார்த்தேன். சுவரும் என் வயிறும் ஒரே உயரம். ஒரு தடித்த ஆண் குரங்கு, சுவரிலிருந்து என் கையை மிதித்து, யாரோ வீட்டுப் படி இறங்குவது போல நிதானமாக இறங்கி, என் வயிற்றின் மேல் உட்கார்ந்தது.

இடது காது பாதி கிழிந்திருந்தது. முகம் என் முகத்திலிருந்து ஒரு முழம். அது என்னைப் பார்க்கவே இல்லை. பைக்குள் கையை விட்டது.

நான் அலறியிருக்க வேண்டும். தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது. ஆனால் கைகள் அலறிவிட்டன. ஒரு கை சுவரை விட்டது, இன்னொரு கை பிரேக்கை விட்டது. வண்டி நகர்ந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி, "ஏன் பிரேக் போடலை?" என்பது. போட்டேன். போட்டதும் வண்டி குலுங்கி, குரங்கு முன்பக்கமாகச் சரிந்தது. விழாமல் இருக்க என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தது. பார்த்துப் பல்லைக் காட்டியது. கோரைப்பல் என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். (மல்லிகா இதைப் பாதி நீளம் என்று திருத்தச் சொல்கிறாள். அவள் வயிற்றின் மேலா உட்கார்ந்தது?) சரி, இனிமேல் பிரேக் வேண்டாம் என்று எங்களுக்குள் ஒரு புரிதல் ஏற்பட்டது. இன்னொரு யோசனை, எழுந்துவிடுவது. ஆனால் அந்த வண்டியில் எழுவதென்றால் முதலில் தலையை முன்னால் கொண்டுவர வேண்டும். முன்னால் அது இருந்தது. பையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றால், ரெண்டு முடிச்சு.

அது உட்கார்ந்திருந்த இடம் தொப்புளுக்கு நேர் மேலே. அந்தக் காலத்தில் வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள். குரங்கு கடித்தாலும் அதேதான் என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளம் ஒரு பக்கம், பதினாலு ஊசி மறுபக்கம். எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியாமல் ரெண்டுக்கும் மாற்றி மாற்றிப் பயந்தேன்.

வண்டி வேகம் பிடித்தது. லேசாக, மிக லேசாக, குரங்குக்குத் தெரியாமல் பிரேக்கைத் தடவித் தடவி வளைவைத் திருப்பினேன். அது பழத்தை உரித்துத் தின்றது. தோலை என் தோளில் வைத்தது. அடுத்த பழம். வளைவு வந்தபோது, நீங்கள் நம்பமாட்டீர்கள், அது உள்பக்கமாகச் சாய்ந்து கொடுத்தது. ஒரு மாதம் ஓட்டியும் எனக்கு வராத லாவகம்.

நாற்பத்து மூன்றாவது வளைவில் எதிரே பஸ் ஏறி வந்தது. அதே பஸ், அதே கண்டக்டர். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்தார், என் மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, டபுள்ஸா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. "காப்பாத்துங்க!" என்று கத்தினேன். ஆனால் சத்தமாகக் கத்தினால் குரங்கு கோபித்துக்கொள்ளுமே என்று மெதுவாகக் கத்தினேன். ரகசியம் சொல்வது போல இருந்திருக்கும். கண்டக்டர் கையை ஆட்டி, "பாத்துப் போங்க ரெண்டு பேரும்" என்றார். பஸ் போய்விட்டது.

பழம் தீர்ந்தது. இறங்கிவிடும் என்று நினைத்தேன். சவாரி பிடித்துவிட்டது போலிருக்கிறது. இறங்கவில்லை. பொழுது போவதற்காக என் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துத் துப்பியது. நாலு பொத்தானும் முடிந்ததும் என் முகத்தை ஆராய்ந்தது. கையை நீட்டி, ஒரு தாய் குழந்தையின் முகத்தைத் தொடுவது போல மெதுவாக, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது.

என் கண்ணாடி மைனஸ் ஆறு. அது இல்லாவிட்டால் எனக்கு ரோடும் பள்ளமும் ஒரே பச்சை. கண்ணாடி சுவரைத் தாண்டிப் போய்க் கீழே பாறையில் மோதும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டது. அதிலிருந்து பள்ளத்தின் ஆழத்தைக் கணக்குப் போட்டிருக்கலாம். நான் கணக்கு வாத்தியார்தான். அந்த நேரத்தில் எனக்கு ஒன்று இரண்டுகூட மறந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டதும் பட்டதும்தான். காற்று. செயின் சத்தம். வயிற்றின் மேல் கனம். கனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கைப்பிடியைத் திருப்பினேன். வேறு வழி தெரியவில்லை. ஆமாம், ரெண்டு வளைவை அதுதான் ஓட்டியது. அம்மா, மல்லிகா, ஊர் மாரியாத்தா என்று மாறி மாறிக் கூப்பிட்டது ஞாபகம். அதற்கடுத்த வளைவில் வயிற்றில் சுருக்கென்று ஒரு கீறல், சட்டென்று கனம் இல்லை. குரங்கு குதித்துவிட்டது. குதித்தது ஏன் என்று அடுத்த நொடியில் எனக்கும் தெரிந்தது. ரோடு வேலைக்குக் கொட்டி வைத்த மணல் மேட்டில் வண்டி கழுத்து வரை போய்ச் சொருகியது.

மணலில் கிடந்தேன். காலும் கையும் அதே சாய்ந்த வாக்கில், காற்றில் பெடல் மிதித்துக்கொண்டு. உயிர் இருக்கிறது என்று நம்பிக்கை வரக் கொஞ்ச நேரம் ஆனது. பலாப்பழம் ஏற்றி வந்த ஒரு ஜீப்காரர்தான் தூக்கிவிட்டார். "பெடல நிறுத்துங்க சாமி, வண்டி அங்க கெடக்குது" என்றார்.

பத்து மணிக்குச் சொன்னபடி காரவள்ளி போய்ச் சேர்ந்தேன், அந்த ஜீப்பில், பலாப்பழங்களுக்கும் வளைந்த வண்டிக்கும் நடுவில். பொத்தான் இல்லாத சட்டை, கண்ணாடி இல்லாத கண், தோளில் வாழைப்பழத் தோல். ஆலை முதலாளி காரிலிருந்து இறங்கி, மங்கலாக, என் முன்னால் நின்றார். அவர் பக்கத்தில் நின்ற தண்டபாணியின் முகம் எனக்குத் தெரியவில்லை. தெரியாதது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். குரங்குக்கு வராத குற்ற உணர்ச்சி எனக்கு வந்தது.

முதலாளி வளைந்து கிடந்த வண்டியைப் பார்த்தார். மெத்தையைக் கையால் அமுக்கினார். ஜீப்பிலேயே ஏறி அதில் சாய்ந்து உட்கார்ந்தார். ரெண்டு நிமிஷம் எழவே இல்லை.

"தம்பி, சைக்கிள் வேண்டாம். இந்த சீட்டு மாத்திரம் என் காருக்கு ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு பண்ணித் தருவியா?"

தண்டபாணி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அன்று மத்தியானமே அரசு ஆஸ்பத்திரி, மல்லிகாவும் தண்டபாணியும் கூட. டாக்டரம்மா வயிற்றைப் பார்த்தார்.

"கடிச்சுதா, பிறாண்டுச்சா?"

"தெரியலீங்க. அப்ப எனக்குக் கண்ணாடி இல்லீங்க."

"நாயா இருந்தா பத்து நாள் கவனிங்கன்னு சொல்லுவேன். குரங்கை எங்க போய்க் கவனிக்கிறது? இன்னிக்கே ஊசியை ஆரம்பிச்சுருவோம். அது உயிரோட நல்லா இருக்குன்னு தெரிஞ்சா பாதியில நிறுத்தலாமான்னு பார்ப்போம்."

"நான் கவனிக்கிறேனுங்க" என்றான் தண்டபாணி. எனக்கும் மல்லிகாவுக்கும் தூக்கிவாரிப் போட்டது. "காது கிழிஞ்சதுதானுங்களே மாமா? தெனமும் காலைல பஸ்ல போயிப் பாத்துட்டு வந்துர்றேன்."

சொன்னபடி செய்தான். நான் லீவு போட்டுவிட்டு பேளுக்குறிச்சியில் மாமியார் வீட்டில் படுத்திருந்தேன். காலையில் எனக்கு ஊசி, அவனுக்கு பஸ். மூன்று நாள் நல்ல செய்தி வந்தது. "சௌக்கியமா இருக்குதுங்க மாமா. பேன் பாத்துட்டு இருக்குது." நாலாம் நாள் வந்து வாசலிலேயே நின்றான்.

"காணமுங்க."

அன்று நான் பட்ட பயத்தோடு ஒப்பிட்டால் மலையில் பட்டது விளையாட்டு. வெறி பிடித்தால் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்பார்கள். எனக்குப் பயம் வருகிறதா என்று பார்ப்பதற்காகக் கால் மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். பயம் வரவில்லை. வேறு வந்தது. கொல்லைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தேன். மல்லிகா முதலில் அழுதாள், அப்புறம் எண்ணினாள், பதினோராவது தடவை சொம்பைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். "உங்களுக்கு வெறியும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்படியே குடிச்சீங்கன்னா நீச்சல்தான் பழகோணும்" என்றாள். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் விடியும் வரை எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் நடந்தது, நான் நேரில் பார்க்காதது. தண்டபாணி சொல்லித் தெரியும், மலை முழுக்கச் சொல்லித் தெரியும்.

பஸ் நாற்பத்தாறாவது வளைவை நெருங்குகிறது. தண்டபாணி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மரம் மரமாகத் தேடிக்கொண்டு வருகிறான். கூட்டம். பின்படியிலிருந்து கண்டக்டர், பாவம், நல்ல மனசோடு, சத்தமாகக் கேட்கிறார்: "தம்பி, உங்க மாமா எப்படி இருக்காரு?"

சரியாக அந்த நொடியில் கொய்யா மரத்தில் அந்தக் கிழிந்த காது தெரிந்திருக்கிறது. என் உயிர் அந்தக் காதில்தானே தொங்கிக்கொண்டிருந்தது! சந்தோஷத்தில் அவனுக்குக் கேள்வி பாதிதான் காதில் விழுந்தது, மரியாதை மட்டும் முழுசாக வந்தது.

"நல்லா இருக்காருங்க! மரத்து மேல இருக்காருங்க! கொய்யா தின்னுட்டு இருக்காரு!"

பஸ்ஸில் யாரோ ஒரு பெண் மட்டும், "அய்யோ, நல்ல வாத்தியாராச்சே" என்றாளாம்.

பத்தாம் நாள் வரைக்கும் அது மரத்தில்தான் இருந்தது, சௌக்கியமாக. பத்து ஊசியோடு டாக்டரம்மா என்னை விட்டுவிட்டார். ஆனால் செய்தியை யார் நிறுத்துவது? பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பார்க்க ஆள் வந்தார்கள். தலைமையாசிரியர் வந்தார். கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, "என்னைத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். குண்டனி நாட்டுப் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து மலையிறங்கி வந்தார்கள். ஆளுக்கு ஒரு பை. பை முழுக்கக் கொய்யா. "நீங்க பிரியமாச் சாப்புடறீங்கன்னு சொன்னாங்க வாத்தியாரே" என்று தூரத்திலிருந்தே நீட்டினார்கள். நான் ஒன்றை எடுத்துக் கடித்ததும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டியை தண்டபாணி உடைத்து ஒரு வீட்டுக்கு கேட் செய்துவிட்டான். அவன் சீட்டுத் தொழில் பிடித்துக்கொண்டது. இன்று நாமக்கல் பக்கம் ஓடுகிற எத்தனையோ லாரிகளில் டிரைவர்கள் முதுகு வலியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் சொந்தமாக பட்டறை வைத்து, பத்துப் பேருக்கு வேலை கொடுத்து, தொப்பையும் வைத்துவிட்டான். எனக்கும் ஒரு நாற்காலி செய்து கொடுத்திருக்கிறான். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. எலும்பு வலி போய்விட்டது. பயம் எதுவும் போகவில்லை.

போகாதது இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டுக்கு யார் போன் செய்து என்னைக் கேட்டாலும், அப்போது பிறந்தே இராத என் மகள் முதற்கொண்டு, என் வீட்டில் யாரும் "இருக்காரு" என்பதோடு நிறுத்துவதில்லை. இப்போதுகூட உள்ளே போன் அடித்தது. தண்டபாணியாகத்தான் இருக்கும். மல்லிகா எடுத்துப் பேசுகிறாள்.

"இருக்காரு தம்பி, இருக்காரு. இன்னும் எறங்கல."